பாப் ஸ்மியர் ரிப்போர்ட்டில் கோளாறு என்று வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையின் முடிவைக் கையில் வாங்கியதுமே தூக்கம் தொலைப்பவர்கள் ஒரு பக்கம். "வலி இல்லை, வெள்ளைப்படுதல்கூட இல்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டுபவர்கள் இன்னொரு பக்கம். பயந்தவர்கள் எப்படியும் மருத்துவரிடம் போய்விடுவார்கள். சிக்கலில் மாட்டுவது பெரும்பாலும் இரண்டாமவர்கள்தான்.

"அப்நார்மல்" என்று எழுதியிருக்கிறது. எனக்குப் புற்றுநோயா?

பெரும்பாலும் இல்லை. யாரை இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும் என்று பிரித்தெடுக்கத்தான் பாப் ஸ்மியர். கண்ணாடித் தகட்டில் இருப்பவை கர்ப்பப்பை வாயின் மேற்பரப்பிலிருந்து சுரண்டி எடுத்த உதிரிச் செல்கள் மட்டுமே. அடியில் திசு எப்படி இருக்கிறது, மாற்றம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை அவை சொல்லாது. அதைச் சொல்ல பயாப்ஸி, அதாவது திசுத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது, வேண்டும். ஸ்மியர் தாளை மட்டும் பார்த்து உறுதியாக நோயின் பெயரைச் சொல்பவரிடம், "கால்போஸ்கோப்பி எப்போது?" என்று கேளுங்கள். கர்ப்பப்பை வாயை உருப்பெருக்கியால் பார்க்கும் சோதனை அது.

அவகாசமும் இருக்கிறது. ஹெச்.பி.வி. (இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ்) தொற்று ஏற்பட்டு அது புற்றுநோயாக முற்ற, நோய் எதிர்ப்புச் சக்தி சரியாக உள்ள பெண்களுக்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எச்.ஐ.வி. இருந்து சிகிச்சை எடுக்காதவர்களுக்கு இது 5 முதல் 10 ஆண்டுகளாகச் சுருங்கலாம். ஆனால் உங்கள் உடலில் அந்தக் கணக்கு எந்த வருடம் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. அதனால் சில வாரத் தாமதம் பரவாயில்லை, சில வருடத் தாமதம் கூடாது.

மைக்ரோஸ்கோப்பில் அப்படி என்னதான் பார்க்கிறார்கள்?

முக்கியமாக செல்லின் உட்கருவை. கர்ப்பப்பை வாயின் வெளிப்புறத்தைத் தட்டைச் செல்கள் போர்த்தியிருக்கும். உள்குழாயில் தூண் வடிவச் சுரப்பிச் செல்கள் இருக்கும். இரண்டும் சந்திக்கும் வளையத்தில், பருவமடைந்த காலத்திலிருந்து தூண் செல்கள் தட்டைச் செல்களாக மாறிக்கொண்டே இருக்கும். வைரஸ் குடியேறுவதும் கோளாறு தொடங்குவதும் பெரும்பாலும் இந்த வளையத்தில்தான்.

ஆரோக்கியமான தட்டைச் செல் பார்க்க ஆஃப்பாயில் மாதிரி இருக்கும்: சுற்றிலும் பரந்த வெளிறிய பகுதி, நடுவில் சிறிய கரு. அந்தக் கருவின் பரப்பு வழக்கத்தைவிட இரண்டரை முதல் மூன்று மடங்கு பெருத்து, மற்றபடி சந்தேகம் தீராமல் இருந்தால் ரிப்போர்ட்டில் ஆஸ்கஸ் (ASC-US) என்று வரும். மூன்று மடங்கைத் தாண்டி, நிறம் கறுத்து, ஓரம் சீரற்றுப் போனால் எல்சில் (LSIL). வைரஸ் பிடித்த செல்லில் கருவைச் சுற்றி வெட்டி எடுத்தாற்போல ஒரு வெற்று வளையம் தெரியும். ரிப்போர்ட்டில் "கொய்லோசைட்" என்று வருவது இதுதான். அதைவிடத் தீவிரமான ஹெச்சிலில் (HSIL) செல்லே சிறுத்துவிடும், அதற்குள் கரு பெரும்பாலான இடத்தை அடைத்துக்கொள்ளும்.

ஆஸ்கஸ், எல்சில், ஹெச்சில்: இவற்றுக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும்?

1988இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் வகுத்து, கடைசியாக 2014இல் திருத்திய பெயரிடும் முறை இது. இன்னும் "கிளாஸ் 2", "கிளாஸ் 3" என்று போடும் லேப் என்றால், பெதஸ்டா முறைப்படி எழுதித் தரச் சொல்லுங்கள். கீழே சொல்லும் அடுத்த படிகள் 2019இன் அமெரிக்க வழிகாட்டுதலை ஒட்டியவை. 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும், முன்பே கோளாறு வந்தவர்களுக்கும் மருத்துவர் இவற்றை மாற்றிச் சொல்லலாம்.

நில்ம் (NILM): புற்றுநோய்க்கோ அதன் முன்நிலைக்கோ அடையாளம் இல்லை. நார்மல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆஸ்கஸ்: "நார்மல் என்று சொல்ல மனம் வரவில்லை, கோளாறு என்று சொல்லவும் ஆதாரம் போதவில்லை." அப்நார்மல் முடிவுகளில் அதிகம் வருவது இதுதான். ஹெச்.பி.வி. சோதனைதான் இங்கே முடிவு செய்யும். நெகட்டிவ் என்றால் 3 ஆண்டு கழித்து மறுபரிசோதனை போதும். பாசிட்டிவ் என்றால் கால்போஸ்கோப்பி. ஹெச்.பி.வி. சோதனைக்கு வசதி இல்லாத இடத்தில் ஒரு வருடத்தில் ஸ்மியரைத் திரும்ப எடுப்பார்கள்.

எல்சில்: வைரஸ் இப்போது செல்லில் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதன் அடையாளம். பெரும்பாலும் தானாகவே அடங்கும். ஆனாலும் ஒருமுறை கால்போஸ்கோப்பி செய்து, பெரிதாக எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொள்வது வழக்கம்.

ஏ.எஸ்.சி.-ஹெச்: பெயர் ஆஸ்கஸ் போல ஒலிப்பதால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். "ஹெச்சிலாக இருக்குமோ என்று சந்தேகம்" என்பதே பொருள். ஹெச்.பி.வி. முடிவு எதுவாக இருந்தாலும் நேராகக் கால்போஸ்கோப்பிதான்.

ஹெச்சில்: புற்றுநோயின் முன்நிலை இருக்க நல்ல வாய்ப்பு. இங்கே "ஆறு மாதம் கழித்து ஸ்மியரைத் திரும்ப எடுத்துப் பார்ப்போம்" என்பது சரியான பதில் இல்லை. சில வாரங்களுக்குள் கால்போஸ்கோப்பி நடக்க வேண்டும். குழந்தைப்பேறு முடிந்த சிலருக்கு நேரடியாக லீப் சிகிச்சையையே (கோளாறான பகுதியைச் செதுக்கி எடுப்பது) பரிந்துரைப்பார்கள்.

ஏ.ஜி.சி.: கோளாறு சுரப்பிச் செல்களில். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் அலட்சியப்படுத்தவே கூடாதது. காரணம் கர்ப்பப்பை வாயின் உள்குழாயிலோ, அதற்கும் மேலே கர்ப்பப்பையின் உள்சுவரிலோ இருக்கலாம். கால்போஸ்கோப்பியோடு உள்குழாயிலிருந்தும் சுரண்டி எடுக்க வேண்டும். வயது 35 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பப்பை உள்சுவர் பயாப்ஸியும் தேவை. ஹெச்.பி.வி. நெகட்டிவ் என்று இதில் எதையும் விட்டுவிட முடியாது.

"இன்ஃப்ளமேட்டரி ஸ்மியர்" என்று வந்திருக்கிறது. இதுவும் அப்நார்மலா?

இல்லை. நம் ஊர் லேப் ரிப்போர்ட்டுகளில் சர்வசாதாரணமாக வரும் வரி. அழற்சி, அதாவது வெள்ளை அணுக்கள் கூடியிருக்கின்றன என்று மட்டும் பொருள். நில்ம் வகைக்குள்தான் இது அடங்கும். காரணமும் சில சமயம் கூடவே எழுதப்பட்டிருக்கும்: டிரைகோமோனாஸ், கேண்டிடா பூஞ்சை, பாக்டீரியா சமநிலை மாற்றம், காப்பர் டி போட்டவர்களுக்கு ஆக்டினோமைசிஸ்.

அரிப்பு, துர்நாற்றம், அடிவயிற்று வலி இருந்தால் அதற்கேற்ற மருந்து உண்டு. எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு ஸ்மியரில் அழற்சி என்ற ஒரே காரணத்துக்காக ஆன்டிபயாடிக் கோர்ஸ் எழுதுவது தேவையில்லாத பழக்கம். டிரைகோமோனாஸ் மட்டும் விதிவிலக்கு: உறுதியானால் கணவருக்கும் சேர்த்தே சிகிச்சை, இல்லையென்றால் திரும்ப வரும்.

"மாதிரி போதவில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கே தவறு?

பழைய முறைத் தகட்டில் குறைந்தது 8,000 முதல் 12,000 தட்டைச் செல்களும், திரவ முறையில் 5,000மும் தெளிவாகத் தெரிய வேண்டும். முக்கால்வாசிக்கு மேல் செல்களை ரத்தமோ சீழோ மறைத்தாலும் மாதிரி செல்லாது.

எடுக்கும் இடத்தில் அதிகம் நடக்கும் பிழை, தகட்டைக் காயவிடுவது. மரக் கரண்டியை ஒரு முழுச் சுற்று சுற்றி எடுத்து, தகட்டில் தடவி, அந்த நொடியே 95 சதவீத எத்தில் ஆல்கஹாலில் முக்க வேண்டும். முதலில் பெயரை எழுதிவிட்டு, பிறகு முக்கலாம் என்று வைத்தால் செல்கள் காற்றில் உலர்ந்து உப்பிவிடும். கரு பெருத்துத் தெரியும், தேவையில்லாமல் ஆஸ்கஸ் என்று வரும். திரவ முறையில் இந்தத் தொல்லை இல்லை. துடைப்பம் போன்ற பிரஷ்ஷை ஒரே திசையில் ஐந்து சுற்று சுற்றி, நேராகக் குப்பியில் அலசிவிடுகிறார்கள் அல்லது பிரஷ்ஷின் தலையைக் கழற்றி அதிலேயே போட்டுவிடுகிறார்கள்.

உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது: மாதவிடாய் முழுமையாக நின்ற பிறகு போங்கள், தொடங்கிய நாளிலிருந்து 10 முதல் 20ஆம் நாள் வரை வசதி. பரிசோதனைக்கு முந்தைய 48 மணி நேரம் உடலுறவு, யோனிக்குள் வைக்கும் மாத்திரை, கிரீம், உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது எதுவும் வேண்டாம். இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள் திரும்ப எடுங்கள். செல்லாத மாதிரியை நார்மல் என்று கணக்கில் வைக்க முடியாது.

ஹெச்.பி.வி. பாசிட்டிவ். கணவர் மூலமாக வந்ததா? அவர் என்னைச் சந்தேகப்பட்டால்?

உடலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எப்போதாவது ஒருமுறை இந்த வைரஸ் தொற்றியிருக்கும். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் சோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கிவிடும். அடங்கியது பல ஆண்டுகள் கழித்து, மாதவிடாய் நின்ற பிறகுகூட, மறுபடி தலைகாட்டலாம். ஆகவே இன்று பாசிட்டிவ் என்றால் போன மாதம் வந்ததா, திருமணமான புதிதில் வந்ததா என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. யாரிடமிருந்து என்றும் சொல்ல முடியாது. இந்தத் தாளை வைத்து வீட்டில் பஞ்சாயத்து நடத்த மருத்துவத்தில் ஆதாரமே கிடையாது. கணவருக்குச் சோதனையும் வேண்டாம். இதற்கென்று ஆண்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட வழக்கமான சோதனை இல்லை.

எந்த வகை என்று பாருங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதம் 16, 18 ஆகிய இரண்டு வகைகளால் வருபவை. இவற்றில் ஒன்று பாசிட்டிவ் என்றால் ஸ்மியர் நார்மலாக இருந்தாலும் கால்போஸ்கோப்பி. வேறு உயர் ஆபத்து வகை, ஸ்மியர் நார்மல் என்றால் ஒரு வருடம் கழித்து மறுபரிசோதனை. வைரஸைக் கொல்லும் மாத்திரை கிடையாது. புகைப்பழக்கம் இருந்தால் விடுவது வைரஸ் அடங்க உதவும்.

கால்போஸ்கோப்பி என்றால் என்ன செய்வார்கள்? வலிக்குமா?

மயக்க மருந்து வேண்டாம், தங்கவும் வேண்டாம். 15 முதல் 20 நிமிடம். ஸ்மியர் எடுக்கும்போது படுத்தது போலவே படுக்க வேண்டும். ஸ்பெகுலம் (யோனியை விரித்துப் பிடிக்கும் கருவி) வைத்து, உடலுக்கு வெளியே நிற்கும் உருப்பெருக்கிக் கருவியால் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பார்கள். உருப்பெருக்கி உள்ளே வராது.

முதலில் சலைன் வைத்துத் துடைத்து, பச்சை நிற ஒளியில் ரத்தக் குழாய்களைப் பார்ப்பது. அடுத்து 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலம், லேசாக எரியும். ஒரு நிமிடம் காத்திருந்தால், செல்களின் உட்கரு நெருக்கமாக உள்ள இடங்கள் வெளுக்கும். மெல்லிய, சீக்கிரம் மறையும் வெண்மை பெரும்பாலும் சாதாரணம். தடித்த, ஓரம் கூர்மையான, நீண்ட நேரம் நிற்கும் வெண்மைதான் சந்தேகத்துக்குரியது. பிறகு லூகோல் அயோடின்: நார்மல் செல்லில் கிளைகோஜன் இருப்பதால் கரும்பழுப்பாகும், கோளாறான இடம் கடுகு மஞ்சளாக நிற்கும். அயோடின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

சந்தேகமான இடத்தில் சில மில்லிமீட்டர் அளவுத் துணுக்கைக் கிள்ளி எடுப்பார்கள். ஒரு துணுக்கோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று இடங்களில் எடுத்தால் தவறவிடும் வாய்ப்பு குறையும். எடுக்கும் நொடியில் மாதவிடாய் வலி போலச் சுருக்கென்று இருக்கும். இரண்டு மூன்று நாள் லேசான கசிவு இருக்கலாம். ரத்தத்தை நிறுத்த மான்செல் பசை தடவியிருந்தால் காப்பித்தூள் போலக் கறுப்பாக வரும், பயப்பட வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

பயாப்ஸியில் சின் (CIN) 1, சின் 2, சின் 3 என்று வருகிறது. இது புற்றுநோயின் நிலையா?

இல்லை, மூன்றுமே புற்றுநோய்க்கு முந்தையவை. "ஸ்டேஜ் 3" என்று எண்ணி உடைந்துபோகிறவர்கள் உண்டு. கர்ப்பப்பை வாயைப் போர்த்திய மேல்தோலின் தடிமனில் எத்தனை பங்குக்குக் கோளாறான செல்கள் ஏறியிருக்கின்றன என்பதே இந்த எண்.

சின் 1 கீழ் மூன்றில் ஒரு பங்கு. பெரும்பாலும் தானே மறையும், சிகிச்சை வேண்டாம், ஒரு வருடத்தில் மறுபரிசோதனை. சின் 2 இரண்டுங்கெட்டான்: இரண்டு வருடத்தில் பாதிப் பேருக்கு மறைகிறது. இளம் வயது, இனிமேல்தான் குழந்தை என்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வருவார்கள் என்றால் காத்திருந்து பார்க்கலாம். தயக்கமான இடத்தில் பி16 என்ற சாயச் சோதனை, திசுவை ஆராயும் மருத்துவரான பேத்தாலஜிஸ்டுக்கு உதவும்.

சின் 3க்குச் சிகிச்சை தேவை. விட்டுவிட்டால் என்னவாகும் என்பது நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த ஒரு கொடுமையால் தெரியவந்தது. அங்கே ஒரு மருத்துவமனையில் 1960களிலும் 70களிலும் பல பெண்களை, அவர்களுக்கே தெரியாமல், உரிய சிகிச்சை தராமல் கவனித்து மட்டும் வந்தார்கள். பின்னாளில் ஆவணங்களை ஆராய்ந்தபோது, துணுக்கு எடுத்ததோடு விடப்பட்டவர்களில் 30 ஆண்டுகளில் சுமார் 31 சதவீதத்தினருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. முறையாகச் சிகிச்சை பெற்றவர்களில் அது 1 சதவீதத்துக்கும் குறைவு.

சிகிச்சை என்னென்ன? எத்தனை நாள் ஓய்வு?

கோளாறு முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது, உள்குழாய்க்குள் போகவில்லை, புற்றுநோய்ச் சந்தேகமும் சுரப்பிச் செல் கோளாறும் இல்லை என்றால் அந்த இடத்தை அழித்துவிடலாம். குளிரால் அழிப்பது கிரையோ: 3 நிமிடம் உறையவைத்து, 5 நிமிடம் விட்டு, மறுபடி 3 நிமிடம். வெப்பத்தால் அழிப்பதில் சுமார் 100 டிகிரி செல்சியஸில் 20 முதல் 45 விநாடி. இவற்றில் திசு மிஞ்சாததால் பிறகு சோதித்துப் பார்க்க எதுவும் இருக்காது.

லீப் முறையில் மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்தப் பகுதியைச் செதுக்கி எடுப்பார்கள். கர்ப்பப்பை வாயிலேயே மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். அன்றே வீடு திரும்பலாம். எடுத்த திசு லேபுக்குப் போகும். அந்த ரிப்போர்ட்டில் ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றனவா என்பதைத் தவறாமல் கேளுங்கள். வருங்காலத்தில் கருத்தரிக்க இருப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். வெட்டும் ஆழம் கூடக் கூடக் குறைமாதப் பிரசவ வாய்ப்பும் கூடும்.

மறுநாளே வீட்டு வேலை பார்க்கலாம். நான்கு வாரம் உடலுறவு, டாம்பூன், நீச்சல் வேண்டாம். கிரையோவுக்குப் பிறகு மூன்று நான்கு வாரம் தண்ணீராக ஊற்றும், பேட் தேவைப்படும். லீப்புக்குப் பிறகு இரண்டாவது வாரத்தில் பொருக்கு உதிரும்போது திடீரென்று ரத்தம் படலாம். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனைந்தால், காய்ச்சல் வந்தால், துர்நாற்றம் அடித்தால் உடனே மருத்துவமனை.

இதோடு முடிந்துவிடாது. ஆறாவது மாதத்தில் ஹெச்.பி.வி. சோதனை, பிறகு தொடர்ந்து மூன்று முறை நெகட்டிவ் வரும்வரை வருடந்தோறும், அதன் பிறகு 3 ஆண்டுக்கு ஒருமுறை, குறைந்தது 25 ஆண்டு.

"குழந்தைகள் பெற்றாச்சு, கர்ப்பப்பையையே எடுத்துவிடுங்கள்" என்று கேட்கலாமா?

சின் கோளாறுக்கு முதல் சிகிச்சையாகக் கர்ப்பப்பையை எடுப்பது சரியல்ல; ஸ்மியர் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து எடுப்பது ஆபத்து. உள்ளே புற்றுநோய் ஏற்கெனவே தொடங்கியிருந்தால், சாதாரணமாக எடுக்கும் அறுவை அதற்குப் போதாது. சுற்றுத் திசுவையும் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுக்கும் பெரிய அறுவையோ கதிர்வீச்சோ திட்டமிட வேண்டும். பாதி எடுத்த நிலையில் அது கண்டுபிடிக்கப்பட்டால் பிறகான சிகிச்சை கடினமாகிவிடும். கோளாறு திரும்பத் திரும்ப வந்து, இனி லீப் செய்ய இடமே இல்லை என்பது போன்ற நிலைகளில், பயாப்ஸியால் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்த பிறகு எடுப்பதுண்டு. எடுத்த பிறகும், சின் 2 அல்லது 3 இருந்தவர்கள் யோனியின் உச்சிப் பகுதியில் பரிசோதனையைத் தொடர வேண்டும்.

கர்ப்பமாக இருக்கும்போது ஹெச்சில் வந்தால்?

கால்போஸ்கோப்பி பாதுகாப்பானது. மோசமாகத் தெரியும் இடத்தில் பயாப்ஸியும் எடுக்கலாம். உள்குழாயைச் சுரண்டுவது மட்டும் கூடாது. புற்றுநோய் இல்லை என்றால் கண்காணித்து, பிரசவம் முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து மறுபடி பார்த்து முடிவெடுப்பார்கள்.

அம்மாவுக்கு 62 வயது. ஆஸ்கஸ் என்று வந்திருக்கிறது.

மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து செல்கள் உலர்ந்து சுருங்கும். அது கோளாறு போலவே தெரியும். ஹெச்.பி.வி. சோதனை குழப்பத்தைத் தீர்க்கும். மறுபடி ஸ்மியர் எடுப்பதென்றால் அதற்கு முன் சில வாரம் ஈஸ்ட்ரோஜன் கிரீம் தருவார்கள். ஆனால் அம்மாவுக்கு ஒரு சொட்டு ரத்தம் பட்டிருந்தாலும் கதை வேறு. ஸ்மியர் என்ன சொன்னாலும் கர்ப்பப்பை உள்சுவரை ஸ்கேனிலும் தேவைப்பட்டால் பயாப்ஸியிலும் பார்த்தே ஆக வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் "வி.ஐ.ஏ. பாசிட்டிவ்" என்றார்கள். அது பாப் ஸ்மியரா?

இல்லை. 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெறுங்கண்ணால் வெண்மை தெரிகிறதா என்று பயிற்சி பெற்ற செவிலியர் பார்க்கும் சோதனை. லேப் வேண்டாம், முடிவு அங்கேயே. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்து 2007இல் வெளியான பெரிய ஆய்வில், ஒரே ஒரு முறை இப்படிப் பார்த்துச் சிகிச்சை தந்ததிலேயே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் சாவு 35 சதவீதம் குறைந்தது. குறை என்னவென்றால், அழற்சியும் வெண்மை காட்டும். அதனால் பாசிட்டிவ் ஆனவர்களில் பலருக்குக் கால்போஸ்கோப்பியில் ஒன்றும் இருக்காது. அந்தப் "பலரில்" நீங்களும் ஒருவர் என்று நீங்களாக முடிவு செய்யாமல், எழுதிக்கொடுத்த மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இலங்கையில் இருப்பவர்கள் சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

இப்போது தடுப்பூசி போட்டால் சரியாகுமா?

ஏற்கெனவே உள்ள தொற்றையோ கோளாறையோ தடுப்பூசி குணமாக்காது. உங்கள் மகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் போடுவதுதான் அதன் முழுப் பலன். போட்டவர்களும் உரிய வயதில் பரிசோதனைக்கு வர வேண்டும்.

ஸ்மியர் நார்மல், ஆனால் உறவுக்குப் பிறகு ரத்தம் படுகிறது.

அப்படியென்றால் நார்மல் ரிப்போர்ட்டை ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவர் கண்ணால் பார்க்க வேண்டும். புண்ணோ கட்டியோ தெரிந்தால் நேராக பயாப்ஸி. சீழும் ரத்தமும் மூடிய கட்டியிலிருந்து எடுத்த ஸ்மியர் பொய்யாக நார்மல் காட்டுவதுண்டு. கருமுட்டைப் பைப் புற்றுநோயை பாப் ஸ்மியர் கண்டுபிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். வயிறு உப்புசம் நீடித்தால் அதற்கு வேறு சோதனைகள்.

இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்க என்ன எடுத்துப்போக வேண்டும்?

தாளை மட்டும் எடுத்துப்போனால் பாதிப் பயன்தான். ஸ்மியர் தகட்டையும், பயாப்ஸி என்றால் மெழுகில் பதித்த திசு பிளாக்கையும் லேபில் எழுதிக்கொடுத்து வாங்கலாம். பெயர், வயது, லேப் எண் மூன்றும் ரிப்போர்ட்டோடு பொருந்துகின்றனவா என்று கவுண்டரிலேயே சரிபாருங்கள். தகட்டை உடையாத பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். பிளாக்கை வெயில் படும் காரிலோ வண்டிப் பெட்டியிலோ விட்டால் மெழுகு உருகிவிடும். கடைசி மாதவிடாய்த் தேதி, முந்தைய ஸ்மியர் முடிவுகள், காப்பர் டி அல்லது ஹார்மோன் மாத்திரை விவரம் ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தகட்டை மறுபடி பார்க்கும் பேத்தாலஜிஸ்ட் முதலில் கேட்பது அவற்றைத்தான்.